வளைவது வேறு, வளைந்துகொண்டே இருப்பது வேறு

வீவக புளோக்கின் மின்தூக்கியில் ஏறுகிறோம். கூண்டு மேலே கிளம்புகிறது. உள்ளே விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, மாடி எண் மாறுகிறது, அவசர மணி தயாராக இருக்கிறது. நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பெட்டிக்குள் மின்சாரம் எப்படி வருகிறது?

நம் காலடியில்தான் விடை தொங்குகிறது. கூண்டின் அடிப்பகுதியில் ஒரு முனையும் கூண்டுப் பாதையின் சுவரில் மறுமுனையும் கட்டப்பட்ட கேபிள் அது. ஊஞ்சல் கயிறுபோலத் தொய்ந்து கிடக்கும். கூண்டு ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தொய்வின் வளைவு இடம் மாறும். டக்ஸ்டனில் உள்ள 50 மாடி பினக்கல் குடியிருப்பில், விடியற்காலையிலிருந்து நள்ளிரவுவரை அந்தக் கேபிள் எத்தனை முறை வளைந்து நிமிர்கிறது என்று யார் எண்ணியிருக்கிறோம்?

துவாஸ் பக்கம் போனால் இதே வேலை பன்மடங்கு பெரிதாக நடக்கிறது. 2022 செப்டம்பர் 1ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகம், 2040களில் முழுமை பெறும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளக்கூடிய தானியங்கித் துறைமுகமாக இருக்கும். பாரந்தூக்கி தன் பிடியை இறக்கிக் கொள்கலனைக் கவ்வும்போதும், தூக்கும்போதும், விடும்போதும் அந்தப் பிடிக்கு ஒரு கேபிள் கூடவே இறங்கி ஏற வேண்டும். ஜூரோங்கில் பிஸ்கட் பொட்டலம் கட்டும் இயந்திரம், உட்லண்ட்ஸில் சில்லு தயாரிக்கும் ஆலை, பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுப் பாகங்களை எடுத்துவைக்கும் இயந்திரக் கை என எங்கே ஒரு பாகம் நகர்ந்தாலும் அதன் பின்னால் ஒரு கேபிள் ஓடுகிறது.

நம் வீடுகளில் பலருக்கு இது அன்னியமான உலகம் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், ஆலையில் இரவு வேலை பார்க்கும் அண்ணன்மார், பராமரிப்புப் பிரிவில் இருக்கும் அப்பா என்று ஏதோ ஒரு வழியில் இந்த உலகத்தோடு நமக்குத் தொடர்பு உண்டு. ஆகவே, அதிகம் பேசப்படாத இந்தக் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

அதிகாலை மூன்று மணிப் பிரச்சினை

இயந்திரம் திடீரென நிற்கிறது. திரையில் ‘என்கோடர் பிழை’ என்று ஒரு வரி. என்கோடர் என்பது மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் உணர்கருவி. பணியில் இருக்கும் தொழில்நுட்பர் ஓடி வருகிறார். இயந்திரத்தை அணைத்து, கேபிளைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்க்கிறார். இணைப்பு சரியாக இருக்கிறது. மீண்டும் இயக்கினால் இயந்திரமும் ஓடுகிறது. நாற்பது நிமிடம் கழித்து மறுபடியும் நிற்கிறது.

இப்படியான சமயத்தில் என்கோடரை மாற்றுவார்கள். பிறகு மோட்டாரை மாற்றுவார்கள். அதன் பிறகு, மோட்டாரை இயக்கும் டிரைவை மாற்றுவார்கள். ஒவ்வொன்றும் விலை உயர்ந்த பொருள். கேபிளை மட்டும் கடைசியில்தான் சந்தேகிப்பார்கள். ஏனென்றால் அது ‘சரியாக இருக்கிறது’ என்று மீட்டர் சொல்லிவிட்டது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. கேபிள் அசையாமல் கிடக்கும்போது, உள்ளே அறுந்த செம்பு இழைகளின் முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஓடும்போது, குறிப்பிட்ட ஒரு வளைவில் மட்டும், கண்ணிமைக்கும் நேரத்துக்கு அவை விலகுகின்றன. அந்த நொடிதான் பிழை. வேலை தெரியாதவர் என்ற பெயர் மட்டும் இரவு வேலையில் இருந்தவருக்கு வந்துவிடுகிறது. கேபிளைத் தேர்ந்தெடுத்தவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

செம்பும் களைத்துப்போகும்

ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். சில தடவையில் ஒடிந்துவிடும். உலோகம் வளைய வளைய இறுகுகிறது, இறுகியபின் விரிசல் விடுகிறது. செம்புக்கும் இதே கதிதான்.

இதற்குத் தீர்வு, ஒரே தடித்த கம்பிக்குப் பதிலாகப் பல மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்குவது. மெல்லிய இழை வளையும்போது அதன் மேற்பரப்பு குறைவாகவே இழுபடும், அதனால் நீண்ட நாள் உழைக்கும். ஐஇசி 60228 என்ற அனைத்துலகத் தரவிதி கம்பிகளை வகை பிரிக்கிறது. வகை 1 ஒற்றைக் கம்பி, சுவருக்குள் அசையாமல் கிடக்க வேண்டியது. வகை 5 வளையக்கூடியது. வகை 6 இன்னும் மென்மையானது. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டால், வகை 5இல் பொதுவாக 0.25 மில்லிமீட்டர் இழைகள் 30 இருக்கும். வகை 6இல் 0.15 மில்லிமீட்டர் இழைகள் 84 இருக்கும்.

இழை மெல்லியதாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே கம்பிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் முக்கியம். மலிவான கேபிளில் கம்பிகள் அடுக்கின்மேல் அடுக்காகச் சுற்றப்பட்டிருக்கும். வளையும்போது உள்ளடுக்கு நெருக்கப்படும், வெளியடுக்கு இழுபடும். நாளடைவில் கேபிளே திருகாணிபோல முறுக்கிக்கொள்ளும். ஓயாமல் நகரும் பாகங்களுக்கென உருவாக்கப்படும் கேபிள்களில் கம்பிகளைச் சிறு சிறு கொத்துகளாக முறுக்கி, அந்தக் கொத்துகளை மறுபடியும் சேர்த்து முறுக்குகிறார்கள். ஒவ்வொரு கம்பியும் வளைவின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் மாறி மாறி வருவதால் சுமை பகிரப்படுகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘வளையும் கேபிள்’ என்று பெட்டியில் எழுதியிருக்கும். பொருத்தும்போது எளிதில் வளையும் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். நாள் முழுவதும் வளைந்து நிமிரும் என்ற உறுதி அதில் இல்லை.

இரைச்சலும் கவசமும்

வானொலியில் இருப்பவர்களுக்கு ஒரு பழைய எதிரி உண்டு. ஒலிவாங்கிக்கு அருகே கைத்தொலைபேசியை வைத்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன்பே ‘டிட் டிட் டிட்’ என்று ஒலிபெருக்கியில் கேட்கும். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி சேவை நிறுத்தப்படும்வரை, வீட்டு வானொலிப் பெட்டியிலும் இதைப் பலர் கேட்டிருப்பீர்கள். தொலைபேசியின் அலை, கம்பியைத் தொடாமலேயே அதற்குள் புகுந்துவிடுகிறது. ஒலிவாங்கியிலிருந்து வரும் சமிக்ஞை மிகச் சிறியது. அதைக் காப்பாற்றத்தான் அந்தக் கேபிளைச் சுற்றி ஓர் உலோகக் கவசம் இருக்கிறது.

ஆலையில் இரைச்சல் இன்னும் பெரியது. மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ், மின்சாரத்தை ஒரே சீராக அனுப்புவதில்லை. 400 வோல்ட் இணைப்பில் ஓடும் டிரைவ், ஏறத்தாழ 560 வோல்ட்டை நொடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடுகிறது. அதன் பக்கத்திலேயே, வெறும் 5 வோல்ட்டில் வேலை செய்யும் என்கோடர் கேபிள் ஓடுகிறது. பறையடிப்பவர் பக்கத்தில் நின்று காதோடு காதாக ரகசியம் பேசுவது போலத்தான்.

கவசத்தில் முக்கியமாக இரண்டு வகை. அலுமினியப் படலம் கம்பியை முழுவதுமாக மூடும், விலையும் குறைவு. ஆனால் ஓயாமல் வளைந்தால் சாக்லெட் சுற்றிய தாள்போல நொறுங்கிக் கிழியும். செம்புப் பின்னல் முழுவதும் மூடாது. நல்ல பின்னல் 85 விழுக்காடு அளவுக்கு மூடும். ஆனால் அது வளைவுக்கு ஈடுகொடுக்கும். ஓடும் கேபிளுக்கு வெறும் படலம் போதாது, பின்னல் வேண்டும். அந்தப் பின்னலின் கோணமும் வளைவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இயந்திரக் கையின் மணிக்கட்டுபோல முறுக்கித் திரும்பும் இடத்தில் சாதாரணப் பின்னலும் இறுகி அறும். அங்கே சுருளாகச் சுற்றிய கவசம் கொண்ட, முறுக்கலுக்கென்றே தயாரித்த கேபிள் தேவை.

கவசம் அறுந்தாலும் இயந்திரம் உடனே நிற்காது. உள்ளே இரைச்சல் மட்டும் மெல்லப் புகும். மூன்று மணிப் பிரச்சினைக்கு இதுவும் ஒரு காரணம்.

மேலுறையைப் பாருங்கள்

வெளித்தோல் என்ன பொருள் என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கும். பிவிசி மலிவு, சாதாரண இடத்துக்குப் போதும். ஆனால் வெட்டும் எண்ணெய் படும் இடத்தில் சாதாரண பிவிசி நாளடைவில் இறுகும். -18 பாகையில் இயங்கும் உறைபதனக் கிடங்கில் விறைத்து, வளையும்போது வெடிக்கும். பாலியூரித்தேன் மேலுறை எண்ணெயையும் உரசலையும் நன்றாகத் தாங்கும், குளிரிலும் வளையும். விலை கூடுதல். அதிக வேகமும் நீண்ட ஆயுளும் வேண்டிய இடங்களில் டிபிஇ எனப்படும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

இயந்திரக் கை ஒன்று ஆறு நொடிக்கு ஒருமுறை போய்த் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 தடவை, மணிக்கு 600 தடவை. நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 12,000 தடவை. ஆண்டுக்கு 300 நாள் என்றால் 3.6 மில்லியன் தடவை.

5 மில்லியன் சுற்று தாங்கும் என்று தரவுத்தாளில் எழுதிய கேபிள், இந்த இயந்திரத்தில் ஏறக்குறைய 17 மாதத்தில் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். 10 மில்லியன் சுற்றுக் கேபிள் இரண்டே முக்கால் ஆண்டு உழைக்கும். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். அதன்பின், கேபிள் அறுவதற்கு முன்பே, இயந்திரம் ஓய்வெடுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நிதானமாக மாற்றிவிடலாம்.

அந்த எண்ணுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. குறிப்பிட்ட வளைவு ஆரத்துக்கும் குறிப்பிட்ட வெப்பநிலைக்கும் மட்டுமே அது பொருந்தும். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேபிளுக்கு ‘10 மடங்கு’ என்று எழுதியிருந்தால், வளைவு ஆரம் 120 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இடம் போதவில்லை என்று 60இல் மடக்கினால், அச்சிட்ட மில்லியன் கணக்கு செல்லாக்காசாகிவிடும்.

நல்ல கேபிளையும் கெடுக்கும் கை

நகரும் கேபிள்களை ஏந்திச் செல்லும் கணுக்கணுவான சங்கிலியைப் பார்த்திருப்பீர்கள். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கில்பர்ட் வானிங்கர் உருவாக்கிய யோசனை அது. அதற்குள் கேபிள் சும்மா படுத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றைச் சுற்றியும் அதன் தடிமனில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று சங்கிலிக்குள் கேபிள் டை போட்டுக் கட்டினால், கட்டிய இடத்திலேயே அது அறும். கட்ட வேண்டியது இரு முனைகளில் மட்டும்.

சுருளிலிருந்து கேபிளை வளையம் வளையமாக உருவி எடுப்பதும் தவறு. ஒவ்வொரு வளையமும் ஒரு முறுக்கை உள்ளே வைத்துவிடும். உருளையைச் சுழலவிட்டு நேராக இழுக்க வேண்டும்.

மோட்டார் கேபிளின் கவசத்தை இணைப்பதிலும் கவனம் தேவை. பின்னலைப் பிரித்து, வால்போல முறுக்கி, ஒரு திருகாணியில் மாட்டுவது பழைய பழக்கம். டிரைவ் எழுப்பும் அதிவேக இரைச்சலுக்கு அந்த வால் சரியான வடிகால் ஆகாது. பின்னலின் முழுச் சுற்றையும் பிடிக்கும் உலோகக் கவ்வியால் இரண்டு முனைகளிலும் இணைக்க வேண்டும். சிறு சமிக்ஞைக் கேபிள்களுக்கு மட்டும், கருவி தயாரிப்பாளர் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. எப்படி நகரும்? ஒரே திசையில் வளையுமா, முறுக்குமா, மேலும் கீழும் தொங்குமா?

2. ஆண்டுக்கு எத்தனை சுற்று?

3. இயந்திரத்தில் இருக்கும் வளைவு ஆரம் என்ன? தரவுத்தாளில் ‘அசையாமல்’ இருக்கும்போது ஓர் எண்ணும் ‘நகரும்போது’ வேறோர் எண்ணும் இருக்கும். இரண்டாவதைப் பாருங்கள்.

4. எண்ணெய், குளிர், வெயில், உரசல் ஆகியவற்றில் எது படும்?

5. பக்கத்தில் டிரைவ் அல்லது மோட்டார் கேபிள் ஓடுகிறதா? ஓடினால், பின்னல் கவசமும் நடுவில் தடுப்பும் உண்டா?

6. எப்போது மாற்ற வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்தாயிற்றா?

பெரும்பாலான கொள்முதல் படிவங்களில் மூன்று கட்டங்கள் இருக்கும்: நீளம், மின்னழுத்தம், விலை. சுவருக்குள் கிடக்கப்போகும் கேபிளுக்கு அது போதும். நகரும் இயந்திரத்துக்கு வாங்கும்போது, ‘எத்தனை தடவை வளையும்?’ என்று நான்காவது கட்டம் ஒன்றைப் பேனாவால் வரைந்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஓர் இளம் பொறியாளர் இதைக் கேட்கலாம். மூத்தவர்கள் முதலில் சிரிக்கலாம். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஓட வேண்டியவர் சிரிக்க மாட்டார்.