பாலும் ஹாலும்: ஹனூர் மழலைகளுக்கு ஒரு மரபு நாள்

கொள்ளேகாலத்திலிருந்து மலை மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில், சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஹனூர். ரயில் இன்னும் எட்டிப் பார்க்காத ஊர். கொள்ளேகாலம் தாலூகா முன்பு சென்னை ராஜ்யத்தில், கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி அது மைசூர் ராஜ்யத்துக்கு வந்தது. வீடு வாசலை விட்டு அசையாமலே பல தமிழ்க் குடும்பங்கள் வெளி மாநிலத்தாராகிவிட்டன. 1997-ல் மைசூர் ஜில்லாவிலிருந்து சாமராஜநகர் ஜில்லா பிரிந்தபோது இப்பகுதி அதனுடன் போயிற்று. இப்போது ஹனூர் தனித் தாலூகா.

மார்டள்ளி போன்ற ஊர்களில் இன்றும் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் குழந்தை மூன்று வயதில் அங்கன்வாடிக்குப் போனால் அங்கே கன்னடம். பிறகு பள்ளிக்கூடத்தில் கன்னடமும் ஆங்கிலமும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கன்னடம் இங்கே சோறு போடும் பாஷை; அதை நன்றாகப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் பாட்டி சொல்லும் கதை பேரனுக்குப் பாதிதான் புரிகிறது என்றால் யாருக்கு நஷ்டம்? 1991 டிசம்பரில் காவிரித் தகராறு கலவரமாக வெடித்தபோது, பஸ்ஸில் தமிழ் பேசாதே என்று பிள்ளைகளை அதட்டிய பெற்றோர் உண்டு. அந்தப் பயம் சில வீடுகளில் இன்னமும் போகவில்லை.

பள்ளி வயதுக்கு முந்திய இந்தக் குழந்தைகளுக்கு வருஷத்தில் ஒரு நாள் மரபு நாள் வைத்தால் என்ன? வெளிநாடுகளில் இது புதிதல்ல. 1964 ஜூலை 21-ல் நடந்த இனக்கலவரத்தை மறக்கக் கூடாதென்று, சிங்கப்பூரில் ஆண்டுதோறும் அதே தேதியை இன நல்லிணக்க நாளாகப் பள்ளிகளில் கொண்டாடுகிறார்கள். அவரவர் இனத்து உடையில் பிள்ளைகள் வருவார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஹனூர் தாலூகாவிலேயே ஒடெயரபாளையத்தில் 1974-ல் அமைந்த திபெத்தியர் குடியிருப்பு இருக்கிறது. நாட்டையே இழந்து வந்தவர்கள். 2004-ல் அவர்கள் வகுத்துக்கொண்ட கல்விக் கொள்கை, பாலர் வகுப்பிலிருந்தே தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. அவர்களோடு ஒப்பிட்டால், ஒரு பஸ் ஏறினால் தமிழ்நாடு என்றிருக்கும் நம்மவர்களுக்கு என்ன கஷ்டம்?

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சாமர்த்தியம் வேண்டும். நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்ஸவ தினம்; அன்று போட்டிக்கு நிற்பது அழகல்ல. பொங்கலன்று அங்கன்வாடிக்கு விடுமுறை. பிப்ரவரி 21 பொருத்தம். 1952-ல் அதே தேதியில் வங்க மொழிக்காக டாக்காவில் மாணவர்கள் உயிர் விட்டனர். அதை நினைவுகூர்ந்து 1999-ல் யுனெஸ்கோ அந்நாளைத் தாய்மொழி நாளாக அறிவித்தது. கன்னடத்துக்கும் அது தாய்மொழி நாள்தானே! அங்கன்வாடி டீச்சரும் கன்னடத் தாய்மார்களும் மனமுவந்து கலந்துகொள்வார்கள்.

மேடை வேண்டாம். மைக் வேண்டவே வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தாடி ஒட்டி வள்ளுவராக நிறுத்தினால், பசை அரிக்கும், அழும். போட்டோ எடுத்த அப்பாவுக்குத்தான் திருப்தி. இரண்டு மணி நேரம் போதும். குழந்தைக்கு மரபு என்பது வாயிலும் காதிலும் கையிலும் படுகிற சமாசாரம். ஒரு பாட்டி தரையில் உட்கார்ந்து கதை சொல்லட்டும். இன்னொருவர் அரிசி மாவில் கோலம் போட, பிள்ளைகள் அதை அழித்து விளையாடட்டும். கேழ்வரகுக் களியை உருட்டிக் கையில் கொடுத்தால், கன்னடக் குழந்தை அதை 'முத்தெ' என்று சொல்லிச் சாப்பிடும். மலை மாதேஸ்வரனுக்குச் சேலம், ஈரோடு பக்கத்துப் பக்தர்களும் வருகிறார்கள். அந்தச் சாமியைப் பாடும் கம்சாளெக் கலைஞர் ஒருவர் வந்து தாளத்தைத் தட்டினால் போதும், இரு பாஷைப் பிள்ளைகளும் ஆடும்.

இன்னொரு விளையாட்டுக்குச் செலவே இல்லை. பால் கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லு. பூ ஹூவு. புலி ஹுலி. டீச்சர் ஒன்றைச் சொல்ல, பிள்ளைகள் மற்றதைச் சொல்ல வேண்டும். இரண்டும் அக்கா தங்கை பாஷைகள் என்பதை எந்தப் பிரசங்கமும் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடாது.

இடத்துக்கு அலைய வேண்டாம், அங்கன்வாடியே போதும். 1975 அக்டோபர் 2-ல் நாடெங்கும் 33 இடங்களில் இத்திட்டம் தொடங்கியபோது அவற்றில் ஒன்று தி. நரசீபுரம், அன்று ஹனூரும் அதே மைசூர் ஜில்லா. முன்கூட்டி மேற்பார்வையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுவது நல்லது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பும்போது ஒரு பல்லாங்குழிக் கட்டை வாங்கி வரலாம். புளியங்கொட்டையை மட்டும் சின்னஞ்சிறுசுகள் கையில் கொடுக்கக் கூடாது; மூக்கில் போட்டுக்கொள்ளும். கட்டை கிடைக்கவில்லையென்றால் அக்கம்பக்கத்துக் கன்னட வீட்டு அஜ்ஜியைக் கேட்டுப் பார்க்கலாம். மைசூர்ப் பக்கத்தில் அதற்கு அளிகுளிமனெ என்று பெயர். பரணில் ஒன்று கிடந்தாலும் கிடக்கும்.