நோய்க்குக் காரணம் நானா?

ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்ட முன்னாள் ராணுவத்தினர் மேல்முறையீடு செய்யலாமா, வேண்டாமா? விடை சதவீதத்தில் இல்லை, அதற்கு மேலே இருக்கும் வரியில் இருக்கிறது.

ராணுவ மருத்துவ அறிக்கைகளில் ஒரு நான்கெழுத்துச் சுருக்கம் உண்டு: என்.ஏ.என்.ஏ. சேர்த்துச் சொன்னால் 'நானா'. நோய் பணியால் வந்ததும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தின் முதல் எழுத்துகள். தமிழ் தெரிந்த சிப்பாய்க்கு இது கொடுமையான சிலேடை. நல்ல உடம்போடு பட்டாளத்தில் சேர்ந்து, இருபது வருடம் கழித்து ரத்த அழுத்தத்தையோ முதுகுத்தண்டுக் கோளாறையோ சுமந்து வீடு திரும்புகிறவரிடம், இதற்கு அரசு பொறுப்பல்ல என்கிறது அந்தச் சுருக்கம். பின் யார் காரணம்? நானா?

திருவனந்தபுரத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. திருவிதாங்கூர் மன்னரின் நாயர் படை சுதந்திரத்துக்குப் பிறகு மதராஸ் ரெஜிமென்ட்டில் இணைந்தது. இன்று பாங்கோட்டில் ராணுவ முகாமும் மருத்துவமனையும் இருக்கின்றன. ஆக்குளத்தில் விமானப்படையின் தெற்கு மண்டலத் தலைமையகம். 1956 வரை இந்த நகரத்தோடு ஒரே ராஜ்யமாக இருந்த கன்னியாகுமரிப் பகுதியிலிருந்து வந்து, ஓய்வுக்குப் பின் இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மறுப்புக் கடிதம் மலையாளியின் வீட்டுக்கு வந்தாலும் தமிழர் வீட்டுக்கு வந்தாலும் எழும் பேச்சு ஒன்றுதான். 'பென்ஷன்தான் வருகிறதே, விட்டுவிடலாம்' என்பது ஒரு கட்சி. 'சதவீதத்தைக் குறைத்துவிட்டார்கள், சும்மா விடக்கூடாது' என்பது எதிர்க்கட்சி. இரண்டும் அவசர முடிவுகள்.

பணியிலிருந்து விடுவிக்கும்போது மருத்துவக் குழு நிரப்பும் படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16. அதில் தலையெழுத்தை நிர்ணயிப்பவை இரண்டு பதில்கள். நோயோ காயமோ பணியால் வந்ததா, அல்லது பணியால் மோசமானதா? இது முதலாவது. ஊனம் எத்தனை சதவீதம்? இது இரண்டாவது. வீட்டில் எல்லோர் கண்ணும் எண்ணின் மேல்தான் விழும். ஆனால் முதல் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால், இரண்டாவதில் என்ன எண் இருந்தாலும் கைக்குக் காசு வராது.

எண்ணின் விளையாட்டு

கணக்கைப் பார்ப்போம். போர்க் காயம் அல்லாத ஊனத்துக்கு, 100 சதவீதம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பகுதியாகக் கிடைக்கும். ஒரு ஹவில்தாரின் கடைசிச் சம்பளம் ரூ.40,000 என்று வைத்துக்கொண்டால், மாதம் ரூ.12,000. ஊனம் 20 சதவீதம் என்றால் ரூ.2,400. அகவிலை நிவாரணம் இதற்கு மேல்.

ஆனால் இந்த நேர் கணக்கு பலருக்குப் பொருந்தாது. பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31-ல் வெளியிட்ட ஆணை, 1996 ஜனவரி 1 முதல் சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கச் சொன்னது. 50-க்குக் கீழே இருந்தால் 50 என்று கொள்ள வேண்டும். 50 முதல் 75 வரை இருந்தால் 75. 76-க்கு மேல் போனால் 100. முதலில் இது உடல்நலக் குறைவால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. பணிக்காலம் முடித்து ஊனத்தோடு ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆக, 20 சதவீத ஹவில்தாருக்கும் ரூ.6,000 உண்டு.

இதன் விளைவு வேடிக்கையானது. 30 போட்டிருக்கிறார்கள், 40 போட்டிருக்க வேண்டும் என்று மல்லுக்கட்டுவதில் பைசா லாபமில்லை. இரண்டும் 50-ல்தான் போய் நிற்கும். 45-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசமோ மாதம் ரூ.3,000. எண்ணுக்காகப் போராடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த வாசலைத் தாண்டப் போகிறோம் என்பதைத்தான்.

வாசல்களில் மிகக் குறுகலானது 20. பணிக்காலத்தை முழுதாக முடித்தவருக்கு 19 சதவீதம் என்றால் ஊனப் பகுதி கிடையாது, முழுமையாக்கலும் கிடையாது. 2019 டிசம்பரில் ராத்தோர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ஊனத்தைக் காரணம் காட்டியே ராணுவம் ஒருவரை வெளியேற்றியிருந்தால் கதை வேறு. வெளியே அனுப்பும் அளவுக்கு இருக்கும் ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்பது சுக்விந்தர் சிங் வழக்கில் 2014 ஜூனில் வந்த தீர்ப்பு. தானாக ஓய்வு பெற்றாரா, அனுப்பப்பட்டாரா என்பதைப் பணி விடுவிப்புக் காகிதத்தில் பார்த்துக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

காரணத்தின் பலம்

மேல்முறையீட்டுக்கு உண்மையான பலம் இருப்பது முதல் கேள்வியில். அதற்கு அஸ்திவாரம் போட்டது தரம்வீர் சிங் வழக்கு. 1985-ல் சிக்னல் பிரிவில் சேர்ந்த அவர், வலிப்பு நோய் காரணமாக 1994-ல் வெளியேற்றப்பட்டார். ஊனம் 20 சதவீதம், ஆனால் பணியோடு தொடர்பில்லை என்றது மருத்துவக் குழு. 2013 ஜூலை 2-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. சேரும்போது நோய் பற்றிய குறிப்பு ஆவணத்தில் இல்லையென்றால், அவர் ஆரோக்கியமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த கோளாறு பணியால் வந்ததல்ல என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்றால், மருத்துவக் குழு அதற்கான காரணத்தை எழுத வேண்டும். வெறும் 'நானா' போதாது.

ஆனால் இதை எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி என்று நினைத்துவிடக்கூடாது. 2019-ல் மட்டும் இரண்டு வழக்குகள் எதிர்த் திசையில் போயின. ஒன்றில் மனநோய். சேரும்போதைய சாதாரணப் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம், எனவே மருத்துவக் குழுவின் கருத்தைத் தள்ள முடியாது என்றது சுப்ரீம் கோர்ட். இன்னொன்றில், விடுப்பில் ஊருக்கு வந்தபோது நடந்த சாலை விபத்து. விடுப்பும் பணிக்காலம்தான் என்பது மட்டும் போதாது, காயத்துக்கும் ராணுவ வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று தீர்ப்பு.

ஆகவே மேல்முறையீட்டை முடிவு செய்வது கோபம் அல்ல, காகிதம். நோய் முதலில் எந்த வருடம், எந்த முகாமில் தெரிந்தது? அப்போது பனிமலை எல்லையிலா, தீவிரவாத எதிர்ப்புப் பணியிலா, அமைதியான நகரத்திலா? காயம் என்றால், அது பற்றி அன்று விசாரணை நடந்து அறிக்கை எழுதப்பட்டதா? மருத்துவக் குழு மறுப்புக்குக் காரணம் எழுதியிருக்கிறதா, அல்லது ஒரு வரியோடு நிறுத்திவிட்டதா? இந்தப் பதில்கள் சாதகமாக இருந்தால் துணிந்து போகலாம். அறிக்கையின் நகல் கையில் இல்லாதவர்கள் அவரவர் ஆவணக் காப்பகத்தில் கேட்டு வாங்கலாம். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரியில் உள்ள வெலிங்டனில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுக்கும்.

படிகள் நான்கு

முதல் மேல்முறையீடு, மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் ராணுவத்தின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு. அங்கும் இல்லை என்றால் 6 மாதத்துக்குள் இரண்டாவது குழுவுக்கு. இவ்விரண்டுக்கும் வக்கீல் தேவையில்லை, தெளிவான மனுவும் சான்றுகளும் போதும். மூன்றாவது படி, 2007-ம் வருடச் சட்டத்தின் கீழ் 2009-ல் செயல்படத் தொடங்கிய ஆயுதப் படைத் தீர்ப்பாயம். இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். ஓய்வு பெற்றவர் தான் குடியிருக்கும் இடத்துக்குரிய கிளையை அணுகலாம். திருவனந்தபுரத்தில் வசிப்பவர் தமிழரானாலும் கொச்சிக்குத்தான் போக வேண்டும், சுமார் 200 கிலோமீட்டர். எல்லை தாண்டி நாகர்கோவிலில் வீடு இருந்தால் சென்னைக் கிளை. தீர்ப்பாயத்தின் முடிவையும் உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொன்னதால் நான்காவது படியும் திறந்திருக்கிறது. அந்தக் கதவு அரசுக்கும் திறந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. தீர்ப்பாயத்தில் ஜெயித்தவர் மறுபடி கோர்ட் படி ஏற நேரலாம்.

தாமதத்துக்கு விலை உண்டு. தர்சேம் சிங் 1983-ல் வெளியேற்றப்பட்டார், 1999-ல்தான் ஹைகோர்ட்டை அணுகினார். ஊன ஓய்வூதியம் மாதாமாதம் மறுக்கப்படும் தொடர் அநீதி, ஆகவே வழக்கே செல்லாது என்று சொல்ல முடியாது என்றது 2008-ல் சுப்ரீம் கோர்ட். ஆனால் நிலுவைத் தொகையை மூன்று வருடத்துக்கு மட்டுமே அனுமதித்தது. மீதி வருடங்களின் பணம் போனது போனதுதான். காலம் கடந்துவிட்டதே என்று கைவிட வேண்டியதில்லை. அதற்காக அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை அண்மையில் ஓய்வு பெற்றவர்களுக்கு. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகளும், மருத்துவ அதிகாரிகளுக்கான புதிய வழிகாட்டியும் வந்துவிட்டன. மேலே சொன்ன கணக்கும் தீர்ப்புகளும் பழைய விதிகளின் கீழ் பிறந்தவை. அந்தத் தேதிக்குப் பின் வெளியே வந்தவர், அண்டை வீட்டு சுபேதாருக்குக் கிடைத்தது தனக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போடாமல், புது விதிகளைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது.

ராணுவத்தினரின் வழக்குகளைக் குறைக்க வழி சொல்லும்படி, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கர் 2015-ல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். ஊன ஓய்வூதியத்துக்காக முன்னாள் வீரர்களைக் கோர்ட் கோர்ட்டாக அலைய வைக்கும் போக்கு மாற வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அது நடக்கும்வரை சுமை வீரரின் தோளில்தான். 1994-ல் வெளியேற்றப்பட்ட தரம்வீர் சிங்குக்கு இறுதித் தீர்ப்பு கிடைக்க 19 வருடம் ஆயிற்று. அவர் சண்டை போட்டது சதவீதத்துக்காக அல்ல. 20 என்ற எண்ணை அரசே ஒப்புக்கொண்டிருந்தது. நோய் எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரிக்காகத்தான் அத்தனை வருடமும். மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் யாரும் முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான்.