பொய் வலி அல்ல, மெய் வலி!

சாப்பிட்டுக் கை கழுவியதுமே சிலருக்கு வயிற்றை முறுக்குகிறது. வலி தாங்காமல் சுருண்டு படுத்துவிடுகிறார்கள்.

டாக்டர் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார். புண் இல்லை, கட்டி இல்லை. "உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. எல்லாம் மனக்கவலைதான்!" என்று பலரைச் சொல்லி அனுப்பியது உண்டு. வீட்டிலும், "வேலை செய்யாமல் இருக்க வேஷம் போடுகிறாள்" என்பார்கள்.

அந்த வலி வேஷமா? இல்லவே இல்லை!

காவல்காரர்கள்

குடலின் சுவருக்குள் 10 கோடிக்கு மேற்பட்ட நரம்பு அணுக்கள் இருக்கின்றன. உணவைக் கீழே தள்ளும் வேலையை இவை நடத்துகின்றன. வேறு சில நரம்புகள், வலியை மூளைக்குத் தெரிவிக்கின்றன.

நரம்புகளுக்கு அருகிலேயே 'மாஸ்ட்' அணுக்கள் என்ற காவல்காரர்கள் இருக்கிறார்கள். பகைவன் நுழைந்ததும் இவர்கள் வீசும் ஆயுதங்களில் ஒன்றுதான் ஹிஸ்டமின். கொசு கடித்த இடம் தடித்து அரிக்கிறதே, அதற்கும் இதுவே முக்கிய காரணம்.

ஹிஸ்டமின் பட்டால் குடல் தசை சுருங்கும் என்பதை, இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் 1910-ம் ஆண்டிலேயே கண்டார்கள்.

மிளகாய் எரிச்சல்

நரம்பை அது என்ன செய்கிறது?

மிளகாய்க் காரம் பட்டதும் விழித்துக்கொள்ளும் ஒரு வாசல் வலி நரம்பில் உண்டு. ஹிஸ்டமின் அந்த வாசலை முறுக்கேற்றிவிடுகிறது. பிறகு, காற்று கொஞ்சம் சேர்ந்தாலும் 'வலி, வலி' என்று நரம்பு அலறுகிறது! பெல்ஜியம் நாட்டு லூவன் நகர விஞ்ஞானிகள் 2016-ல் இதை வெளியிட்டார்கள். ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்தை 12 வாரம் கொடுத்தார்கள். பலருக்கு வலி குறைந்தது, எல்லோருக்கும் அல்ல.

தவறாகப் பிடிபட்ட உணவு

நல்ல சாப்பாட்டைக் கண்டு காவல்காரன் ஏன் ஆயுதம் எடுக்க வேண்டும்?

அதே நகரில் நடந்த இன்னொரு ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது. குடலில் கிருமி பரவிய எலிகளுக்கு, நோய் இருக்கும்போதே முட்டைப் புரதம் கொடுத்தார்கள். நோய் தீர்ந்தது. மறுபடியும் அதே புரதத்தைக் கொடுத்தார்கள். திருடனோடு நின்ற குற்றத்துக்காக நல்லவனையும் பிடிப்பதுபோல, மாஸ்ட் அணுக்கள் அந்த உணவின்மீதே பாய்ந்தன! எலிகளின் குடல் வலித்தது.

வயிற்றுப்போக்கு நின்று பல மாதம் ஆன பிறகும் சிலருக்குச் சாப்பிட்டதும் வலிப்பது ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கம்.

என்ன செய்யலாம்?

எல்லா வயிற்று வலிக்கும் ஹிஸ்டமின் காரணம் அல்ல. ஆகையால் தாங்களாகவே கடையில் மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. மலத்தில் இரத்தம் வந்தாலோ, உடம்பு இளைத்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

குழாயில் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லையா? "வேஷம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நரம்பு துடித்துக்கொண்டிருக்கலாம்!