பூட்டிய வார்டில் பாடம் படித்த பாதிரியார்!

ஆஸ்பத்திரி வார்டுக்குள் பாதிரியார் நுழைந்தால் போதும். சொந்தக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். "ஐயோ, கடைசி நேரமா?" என்று நர்சின் முகத்தைப் பார்ப்பார்கள்.

அப்படியெல்லாம் கிடையாது. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மனசில் கிடப்பதைக் கேட்பதற்கென்றே ஆஸ்பத்திரிப் பாதிரியார்கள் இருக்கிறார்கள். அதற்குத் தனிப் பயிற்சியும் உண்டு. இந்தப் பயிற்சியின் முன்னோடி யார் தெரியுமா? மனநோய் ஆஸ்பத்திரியில் நோயாளியாகக் கிடந்த ஒருவர்!

பெயர் ஆன்டன் பாய்சன். அமெரிக்கர். பாதிரியார் வேலைக்குப் படித்தவர். 1920-ல் அவருக்குத் திடீரென்று புத்தி பேதலித்தது. உலகத்துக்கே பேராபத்து வரப்போவதாகப் புலம்பினார். மாசசூசெட்ஸ் மாநில மனநோய் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்தார்.

கண்ணைப் பிடுங்கும் பிரசங்கம்

டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். "உனக்குள்ளே என்னப்பா நடக்குது?" என்று நிதானமாகக் கேட்க ஆளில்லை.

பிரசங்கம் செய்ய வெளியிலிருந்து பாதிரியார்கள் வருவார்கள். ஒருவர், பாவம் செய்யும் கண்ணையே பிடுங்கிவிடச் சொல்லும் பைபிள் வசனத்தை எடுத்துக்கொண்டு பேசினாராம். கேட்டுக்கொண்டிருந்த பாய்சனுக்குப் பக்கென்றது. சுற்றி இருப்பவர்கள் மனநோயாளிகள். எவனாவது நிஜமாகவே செய்துவிட்டால்?

குணமாகி வெளியே வந்தவர் மறுபடியும் படித்தார். ரிச்சர்ட் காபட் என்ற பெரிய டாக்டர் கைகொடுத்தார். 1924-ல் அதே மாநிலத்தில் உஸ்டர் மனநோய் ஆஸ்பத்திரியில் பாதிரியார் வேலை கிடைத்தது. நேற்று வரை நோயாளி. இன்று வார்டுக்குப் பாதிரியார்!

1925 கோடையில் நாலு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். கையில் பைபிளைக் கொடுத்துப் பிரசங்கம் பண்ண அனுப்பவில்லை. பகலெல்லாம் வார்டு சிப்பந்தி வேலை! நோயாளிகளோடு பழகவேண்டும். புத்தகத்தைப் படிப்பதுபோல மனிதர்களைப் படிக்கவேண்டும் என்பது பாய்சனின் கட்சி. அந்த நாலு பேரில் ஒருவர் பெண். பெயர் ஹெலன் பிளாண்டர்ஸ் டன்பார். மனசுக்கும் உடம்பு நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து பிற்காலத்தில் பேர் வாங்கிய டாக்டர் இவர்.

வார்த்தைக்கு வார்த்தை

இன்று அமெரிக்காவில் இந்தப் பயிற்சியின் ஒரு கட்டம் குறைந்தது 400 மணி நேரம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலும் இந்த வகைப் பயிற்சி உண்டு.

இதில் கஷ்டமான பாடம் எது? நோயாளியோடு பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி, சக மாணவர்கள் முன்னால் வைக்கவேண்டும். அங்கேதான் குட்டு உடையும்!

"எனக்கு மட்டும் ஏன் சார் இப்படி?" என்கிறார் நோயாளி. "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று பயிற்சிக்காரர் சொல்லிவிடுகிறார். நல்ல வார்த்தைதானே என்று நாம் நினைப்போம். ஆசிரியர் விடமாட்டார். "அவர் பயத்துக்குப் பதில் சொன்னியா, உன் பயத்துக்கா? அதோட அவர் வாயை மூடிட்டியே!" என்பார். நாமும் ஆரஞ்சுப் பழத்தோடு போய் இதைத்தானே சொல்லிவிட்டு வருகிறோம்?

பாய்சனுக்கு நோய் ஒரேயடியாக விட்டுவிடவில்லை. 1930-லும் 1935-லும் திரும்ப வந்தது. இரண்டு தடவையும் நோயாளியாகப் படுத்தார், எழுந்தார், வார்டு வேலைக்கே திரும்பினார். 1965-ல், 88-வது வயதில் காலமானார்.