விடுதிக் காப்பாளர் போட்ட கையெழுத்து

2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. இரண்டு இடங்களிலும் சேர்த்து 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். பலர் பழங்குடிக் குடும்பத்தவர், அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மாநில அரசுகளும் சேர்ந்து நடத்திய திட்டம். ஏழு சிறுமிகள் இறந்துபோன செய்தி பெரிதானதும் 2010 ஏப்ரலில் மத்திய அரசு அதை நிறுத்தியது.

அந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. உலக சுகாதார நிறுவனம் இன்றும் இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறது. மகளுக்குப் போடத் தயங்க வேண்டாம். என் கவலை வேறு. யாரைக் கேட்டுப் போட்டார்கள்?

இதைத் தோண்டி எடுத்தது நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு. 2013 ஆகஸ்டில் அவையில் வைக்கப்பட்ட அதன் 72-ஆவது அறிக்கையைப் படித்தால் நெஞ்சு பதறும். ஆந்திரத்து ஒப்புதல் படிவங்களில் 9,543-ஐப் பார்த்தபோது, 2,763-இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948-இல் வெறும் கைநாட்டு. பெற்றவர்கள் ஊரில் உயிரோடு இருக்க, பிள்ளையின் உடம்புக்கு வேறொருவர் சம்மதம் சொல்லியிருக்கிறார். இறப்புகளை ஆழமாக விசாரிக்காமலே தள்ளிவிட்டார்கள் என்றும் நிலைக்குழு கண்டித்தது. ‘இது மருந்துச் சோதனை அல்ல, வெறும் ஆய்வுத் திட்டம்’ என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. பெயரை மாற்றிவிட்டால் சோதனைக்குரிய பாதுகாப்பு விதிகளும் கழன்றுவிடும் அல்லவா!

துறை அதிகாரிகளை எதிரே உட்காரவைத்துக் கோப்பைக் கேட்கும் அதிகாரம் நிலைக்குழுவுக்கு உண்டு. ஆனால் அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரியில் பதில் எழுதினாலும், கேட்க ஆளில்லாவிட்டால் அதோடு முடிந்தது.

இன்று ஒரு மருந்துச் சோதனைக்காக உங்களிடமோ உங்கள் பிள்ளைக்காகவோ இப்படி ஒரு படிவம் நீட்டப்பட்டால், 2019-ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகள் உங்கள் பக்கம் நிற்கின்றன. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரென்றால் நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சோதனையைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எந்தக் கட்டத்திலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது. இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் அந்த ஆய்வு இருக்கிறதா என்று இணையத்தில் காசில்லாமல் தேடலாம்.

பதிவேட்டில் விவரம் கிடைக்காவிட்டால் தொடர்புடைய அரசுத் துறைக்கு 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நிலைக்குழுக்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு அறிவிப்பு வெளியிடுவதுண்டு. அப்போது உங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள். குழுவின் அறிக்கைகள் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கின்றன. உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதும்போது பொதுப்படையாகப் புலம்பாமல், அறிக்கை எண்ணையும் பத்தி எண்ணையும் குறிப்பிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தப் பரிந்துரைக்கு அரசு என்ன பதில் தந்தது, அதை அவையில் கேட்பீர்களா?