இஞ்சு டேப்பை முதலில் எடுங்கள்

ஆறு வாரம் பேலியோ உணவு, கூடவே உடற்பயிற்சி, அதிகம் குறைத்தவருக்குப் பரிசு. ஜிம்கள் நடத்தும் கொழுப்புக் குறைப்புச் சவால்கள் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. சேருகிறவர்களின் ஆயத்தமோ கடைக்குப் போய் வருவதோடு முடிந்துவிடுகிறது: பாதாம், இரண்டு ட்ரே முட்டை, பனீர், நெய், காலிஃப்ளவர். நாளையிலிருந்து கிடைக்காதே என்று முந்தின ராத்திரி வயிறு நிறையப் பிரியாணி. மறுநாள் காலையில் எடை பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். கோளாறு அந்த எண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றி ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. வளர்ந்தவர் உடம்பில் அது சுமார் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறும் இட்லியும் நின்றதும் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்ற, அதோடு இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகிறது. முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் தினமும் 2,200 கலோரி குறைய வேண்டும். பலருக்கு நாள் முழுவதும் செலவாவதே அவ்வளவுதான்.

ஆகவே சவாலுக்கான ஆயத்தம் எதை அளக்கப்போகிறோம் என்று முடிவு செய்வதில் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். நம்மவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின் இருவரும் 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்களையே சான்றாக வைத்து ஒரு படத்துடன் எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லியாக இருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சுமக்கும் இந்திய உடல்வாகை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஜிம்மில் ஏறி நின்றால் கொழுப்புச் சதவீதம் சொல்லும் இயந்திரமும் முழுக்க நம்பத்தக்கதல்ல. அது உடம்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திக் கணக்கிடுவதால், குடித்த தண்ணீருக்கும் வடிந்த வியர்வைக்கும் ஏற்ப எண் மாறும். இருபது ரூபாய் இஞ்சு டேப் இதைவிட நேர்மையானது. காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே வைத்து அளக்க வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவ அளவுகோல்.

பேலியோவே தீர்வு, ஆதிமனிதன் தானியத்தைத் தொட்டதில்லை என்று சொல்பவர்கள் உண்டு. 1985-இல் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தச் சிந்தனைக்கு மருத்துவ உலகில் இடம் பெற்றுத் தந்தது. 2002-இல் லோரன் கார்டெயினின் புத்தகம் அதை வீடுகளுக்குக் கொண்டுபோனது. கார்டெயின் பால் பொருள்களையும் விலக்கினார்; நம் ஊர்ப் பேலியோவில் பனீரும் நெய்யும் தாராளம். ஜோர்டானில் ஷுபைக்கா என்ற இடத்தில் 14,400 ஆண்டுகளுக்கு முந்தைய ரொட்டித் துணுக்குகள் கிடைத்திருக்கின்றன. அங்கே வேளாண்மை தோன்ற அதன் பின் சுமார் 4,000 ஆண்டுகள் ஆயின. எனவே ஆதிமனிதனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம், பலனைப் பார்ப்போம். ஸ்வீடனில் மாதவிடாய் நின்ற, உடல் பருமனான 70 பெண்களை இரண்டு ஆண்டு கவனித்தார்கள். ஆறு மாத முடிவில் பேலியோ குழுவினர் 6.5 கிலோ கொழுப்பு குறைந்திருந்தார்கள், வழக்கமான ஆரோக்கிய உணவு சாப்பிட்டவர்கள் 2.6 கிலோ. இரண்டு ஆண்டு முடிவில் அது 4.6, 2.9 என்று நெருங்கிவிட்டது. புள்ளியியல்படி அந்த வித்தியாசம் உறுதியானதல்ல. பேலியோ வேலை செய்கிறது, விடாமல் கடைப்பிடிக்கத்தான் கடினமாக இருக்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அப்படியானால் ஆயத்தம் என்பது ஒத்திகை. சவால் தொடங்க இரண்டு வாரம் முன்பே காப்பிச் சர்க்கரையையும் மாலை நேர பஜ்ஜி, மிக்சரையும் நிறுத்திப் பார்க்கலாம். வீட்டில் சமைப்பவரிடம் பேசிவிட வேண்டும்; ஒருவருக்காகத் தனி அடுப்பு ஆறு வாரம் எரியாது. நெய்யில் வறுத்த 100 பாதாம் காலை உணவாகப் பிரபலம். நெய்யைக் கணக்கில் சேர்க்காமலே அது ஏறக்குறைய 120 கிராம், சுமார் 700 கலோரி, புரதம் 25 கிராம். அதே புரதத்தை நாலு முட்டை 300 கலோரிக்குள் தந்துவிடும். புரதத்தை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 40 இளைஞர்கள் நாலு வாரம் கலோரியைக் கடுமையாகக் குறைத்து, கடினப் பயிற்சியும் செய்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து 1.2 கிலோ கொழுப்பற்ற தசை எடையைச் சேர்த்தார்கள். 1.2 கிராம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பு மட்டும் இழந்தார்கள், தசை கூடவில்லை. எடை இயந்திரத்தில் நின்றால் இரு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே குறைவுதான் தெரியும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைப் பார்க்காமல் சேரவே கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையில் ஆபத்து வேறு: ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிரியாட்டினின் பார்க்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்தச் சவால் வேண்டாம்.

போட்டி இல்லாவிட்டால் யார் எழுந்து வருவார்கள் என்று கேட்பது நியாயம். பத்துப் பேர் சேர்ந்து செய்யும்போது ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போவது உண்மை, அந்த உந்துதலை நான் மதிக்கிறேன். ஆனால் எடையை மட்டும் துரத்தும் போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ நிகழ்ச்சி சான்று. அதில் பங்கேற்ற 14 பேரை கெவின் ஹாலின் குழு ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்து 2016-இல் எழுதியது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது. ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடம்பு, அந்த எடைக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்தது. ஆறு வாரச் சவால் அவ்வளவு கடுமையானதல்ல என்பது உண்மைதான். இருந்தாலும் பணம் கட்டும்முன் ஜிம்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பரிசு கிலோவுக்கா, இடுப்புச் சுற்றளவுக்கா? சவால் முடிந்து மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பீர்களா? இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், அந்தத் தேதியை நீங்களே காலண்டரில் குறித்து, நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் எத்தனை இட்லி என்பதையும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.