திறந்த நிரலும் தனிமனிதர் பொறுப்பும்

மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் இடந்தரும் மென்பொருள், திறமூல மென்பொருள் எனப்படும். பலரும் காண்பதால் அதில் தீங்கு மறைந்திராது என்பர். ஆயினும், காணலாம் என்பது வேறு; கண்டனர் என்பது வேறு.

கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்.இசட்.’ என்னும் மென்பொருளை நெடுங்காலம் பெரும்பாலும் ஒருவரே பேணி வந்தார். ‘ஜியா டான்’ என்னும் பெயர் கொண்டவர் 2021 முதல் உதவி புரிந்து, நம்பிக்கையும் வெளியீட்டுப் பொறுப்பும் பெற்றார். 2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பில் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டது. அதனை இயக்கும் பகுதி பொது நிரலில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது.

தொலைவிலுள்ள கணினியில் நுழைவதற்கு அரை விநாடி மிகுதியாவதைக் கண்ட ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர், காரணத்தை ஆராய்ந்து மார்ச்சு 29-இல் உலகிற்கு அறிவித்தார். பெரும்பரவலுக்கு முன்னரே தீங்கு தடுக்கப்பட்டது.

நம்பிக்கை சோதனைக்கு ஈடாகாது. மென்பொருளை நிறுவுவோர் அதன் பதிப்பெண்ணைக் குறித்துவைத்து, பாதுகாப்பு அறிவிப்புகளைக் கவனித்து, சிறு மாறுதலையும் உரியவர்க்குத் தெரிவித்தல் கடமையாகும்.